மாப்பிள்ளை மிதித்த பொருக்கு

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். மண்ணைச் சலிக்கிற வேலை பார்ப்பதால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது பாதிதான் உண்மை. யார் எதைச் சொன்னாலும் சலித்துப் பார்க்காமல் விடமாட்டாள் என்பது மீதிப் பாதி. "நேத்து நல்ல மழை" என்று சொல்லிவிட்டு அவளைத் தாண்டி யாரும் போய்விட முடியாது. தூறலா, அடித்துப் பெய்ததா, தண்ணீர் தரைக்குள் இறங்கியதா, ஓடிப் போனதா என்று நிற்கவைத்துக் கேட்பாள். சொன்னவர், ஏன்தான் வாயைத் திறந்தோமோ என்று நொந்துகொண்டே போவார்.

அவளுடைய மேலதிகாரிக்கும் ஒரு பெயர் உண்டு. ஆகட்டும் சார். எதைக் கேட்டாலும் "ஆகட்டும், பார்க்கலாம்" என்பார். பரிசோதனைக் கூடத்து மின்விசிறி நின்றுபோனபோது அதற்கும் "ஆகட்டும், பார்க்கலாம்" என்றார். அதன் இறக்கையில் இப்போது சிலந்தி குடும்பம் நடத்துகிறது. கெட்ட மனிதர் இல்லை. முடிவு எடுப்பது என்றால் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது.

இப்படிப்பட்ட இரண்டு பேருக்கு நடுவில் ஒரு நிலம் வந்து மாட்டிக்கொண்டது.

பெரும்பாலும் வறண்டே கிடக்கும் ஆறு ஒன்று ஊருக்கு வெளியே வளைந்து திரும்பும் இடத்தில் அந்த நிலம் இருந்தது. எப்போதாவது ஆறு பெருகி வரும். வரும்போது எங்கெங்கோ வழித்துக்கொண்டு வந்த வண்டலை அந்த வளைவில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடும். அரசு மேய்ச்சல் நிலம் என்று பெயர். ஆனால் ஓரத்தில் நாலு புதரும் கொஞ்சம் புல்லும்தான் மேய்வதற்கு. நடுவில் முழுக்க மொட்டை, மழித்துவிட்ட மாதிரி பளபளவென்று. அந்த வண்டல் மேல் செங்கல் சூளைக்காரருக்கு வெகுநாளாக ஒரு கண். புல்லும் முளைக்காத நிலம்தானே, வெட்டி எடுத்துக்கொள்கிறேன் என்று ஆகட்டும் சாரிடம் மரியாதையாகக் கேட்டபடி இருந்தார். அவரும் மரியாதையாக ஆகட்டும் பார்க்கலாம் சொன்னபடி இருந்தார். ஆனால் மேலிடத்திலிருந்து ஏதாவது ஒரு பக்கம் சொல்லித் தொலையுங்கள் என்று நெருக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சல்லடைக்கு அது வெறும் அலுவலக விவகாரம் இல்லை. அவளுடைய அண்ணனும் அண்ணியும் ஆடு வளர்ப்பவர்கள். ஆற்றின் இந்தக் கரையில் அந்த வளைவை விட்டால் அவர்களுக்கு மேய்ச்சலே கிடையாது. அங்கே மண்ணை வெட்டினால் பள்ளம்தான் மிஞ்சும், ஆடுகளை விற்றுவிட வேண்டியதுதான். அண்ணனுக்கு வேறு தொழில் தெரியாது. அண்ணிக்கு ஆட்டைத் தவிர வேறு எதுவும், சில நாட்களில் அண்ணன் உட்பட, பிடிக்காது.

அதனால் சல்லடை அங்கே ஒரு குழி வெட்டி உள்ளே இறங்கினாள். குழிக்குள் இறங்கிவிட்டால் அவளுக்கு உலகம் மறந்துபோகும். மேலே விரல் நகத்தின் கனத்துக்கு இறுகிப்போன பொருக்கு. அதற்குக் கீழே, ஈரமாக்கிக் கையில் பிசைந்தால் வழுவழுவென்று இழைகிற வண்டல். அடுத்து ஒரு மணல் கீற்று, என்றோ ஒரு வெள்ளம் அவசரமாக வந்துபோனதற்கு அடையாளம். மறுபடி வண்டல். அடியில் களி, அதற்குள் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள். அமிலச் சொட்டு விட்டதும் புஸ்ஸென்று பொங்கின. உப்பு கரிக்கவில்லை. வண்டலைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்து அதையும் உறுதி செய்துகொண்டாள். இந்தப் பழக்கத்துக்காக அண்ணி அவளை எத்தனையோ தரம் திட்டியிருக்கிறாள்.

"சார், மண்ணு தங்கம்" என்று குழிக்குள்ளிருந்தே கத்தினாள். "மேல இருக்கிற தோல்தான் வம்பு. மழைத்துளி அடிச்சு அடிச்சு, பூசி மெழுகின மாதிரி அடைச்சுக்கிட்டிருக்கு. தண்ணி உள்ள போகாம ஓடிடுது. ஒரே ஒரு மழைக்காலம் குடுங்க. வேலி போட்டு, ஒரு ஆட்டுக் குளம்புகூடப் படாமப் பாத்துக்கிட்டு, புல் விதை தூவுறேன். மண்ணு தானா தேறிடும். தேறலேன்னா நான் இதைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்."

கடைசியாகச் சொன்னது ஆகட்டும் சாருக்கு மிகவும் பிடித்திருந்தது. மழைக்காலம் முடியும்வரை முடிவு எடுக்க வேண்டாம் என்பது அதைவிடப் பிடித்திருந்தது.

நிலத்தின் நடுவில் கம்பி வலை போட்டு வேலி கட்டினார்கள். விதை தூவினார்கள். வீட்டில்தான் வேலி கட்டுவது கஷ்டமாக இருந்தது.

"ஊர்ல எல்லாருக்கும் வெளியாள் எதிரி. எனக்கு மட்டும் நாத்தனார்" என்றாள் அண்ணி. "சொந்த ஆட்டை வெரட்டுறதுக்குச் சம்பளம் வேற வாங்குறே."

"அண்ணி, ஒரு மழைக்காலம்தான். நிலம் போயிட்டா அப்புறம் எதை மேய்ப்பீங்க?"

அண்ணி வாக்குக் கொடுத்தாள். அண்ணனும் கொடுத்தான். மாப்பிள்ளை மட்டும் கொடுக்கவில்லை. மாப்பிள்ளை என்பது அவர்களுடைய கடா. எங்கே போனாலும் முதல் மரியாதை எதிர்பார்க்கும், கிடைக்காவிட்டால் முறுக்கிக்கொள்ளும். அதனால் அந்தப் பெயர். அது எங்கே போகிறதோ அங்கேதான் மந்தை போகும்.

மழை வந்தது. இரண்டு மூன்று நல்ல மழை. சல்லடை பக்கத்து மாவட்டத்து வேலையில் மாட்டிக்கொண்டு, தினமும் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்ததும் பையைக்கூட வீட்டில் வைக்காமல் அலுவலக ஜீப்பிலேயே நேராக வளைவுக்குப் போனாள்.

வேலிக்குள் மொட்டை.

சுற்றிச் சுற்றி வந்தாள். அதே பளபளப்பு, அதே பொருக்கு. அவள் தூவிய விதையெல்லாம் தண்ணீரோடு அடித்துக்கொண்டு போய், தாழ்வான பக்கத்துக் கம்பி வலை ஓரமாகக் கோடு போட்ட மாதிரி ஒதுங்கிக் கிடந்தது. தூரத்து மூலையில் மெல்லிய மணல் பரவியிருந்தது. ஆற்றிலிருந்து காற்று கொண்டுவந்தது என்று அங்கே நின்றபடியே முடிவு கட்டினாள். எதையும் சலித்துப் பார்க்கிறவள் அதை மட்டும் சலிக்கவில்லை. அழுகை வரும்போலிருந்தது, அதனால்தான்.

அழுவதற்கு வாகாக உட்காரலாம் என்று வேலியின் மறு கோடிக்குப் போனபோதுதான் பச்சை கண்ணில் பட்டது. நாலு புல் இல்லை. ஒரு பட்டை. வேலிக் கம்பம் ஒன்றிலிருந்து புறப்பட்டு, அகன்று, வளைந்து, ஒரு வட்டம் போட்டு, அதே கம்பத்துக்கே திரும்பி வந்திருந்தது. அவள் தூவிய அதே புல், கணுக்கால் உயரத்துக்கு.

அழுகை போன இடம் தெரியவில்லை. ஜீப்பிலிருந்து தகர வளையத்தை எடுத்துவந்தாள். இரண்டு பக்கமும் திறந்த வளையம் அது. தரையில் அடித்து இறக்கி, உள்ளே தண்ணீர் ஊற்றி, எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். மொட்டைத் தரையில் ஊற்றிய தண்ணீர் அசையாமல் அவள் முகத்தையே அவளுக்குக் காட்டியது. புல்லுக்குள் ஊற்றியது மளமளவென்று இறங்கியது. இரண்டு இடத்திலும் தோண்டினாள். அதே வண்டல், அதே மணல் கீற்று, அமிலச் சொட்டு விட்டால் அதே பொங்குதல். வித்தியாசம் மேல் தோலில் மட்டும்தான். புல் இருந்த இடத்தில் பொருக்கு நொறுங்கிப்போயிருந்தது. புல்லை விலக்கினாள். புழுக்கை. அந்தக் கம்பத்தை நெருங்கிப் பார்த்தாள். மற்றக் கம்பங்களைவிட அழகாக, இரட்டைக் கட்டுப் போட்டு, யாரோ அக்கறையாக நிறுத்தியிருந்தார்கள்.

அந்தக் கட்டு அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய டிபன் பையைக்கூட அண்ணி அப்படித்தான் கட்டிக் கொடுப்பாள்.

அவள் வீட்டுக்குப் போனபோது அண்ணி சமையலறையில் பால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணன் நாற்காலியில் தேநீரோடு இருந்தான்.

"அண்ணி, வேலிக்குள்ள ஆடு போச்சா?"

"யாரு ஆடு?"

"நம்ம ஆடு."

"நம்ம ஆடு அங்க எதுக்குப் போகுது? நீதான் கண்டிச்சுச் சொல்லிட்டியே. உன் பேச்சை மீறி இந்த வீட்ல ஒரு எறும்பு நகருமா?"

"நான் திட்ட வரலை அண்ணி. போயிருந்தா நல்லதுன்னு சொல்ல வந்தேன்."

"இப்படித்தான் தேனா ஆரம்பிப்பே. அப்புறம் சலிச்சு எடுத்துருவே."

"அண்ணா, நீயாவது சொல்லு."

அண்ணன் தேநீரை அவசரமாக விழுங்கி நாக்கைச் சுட்டுக்கொண்டான். "எனக்கென்ன தெரியும்? மழைக்கு அப்புறம் நான் அந்தப் பக்கம் தலை வெச்சே படுக்கலை" என்றான்.

மழைக்கு அப்புறம் என்று அவனை யாரும் கேட்கவே இல்லை. சல்லடை அப்போது அதைக் கவனிக்கவில்லை. அவள் கண் அண்ணியின் மேலேயே இருந்தது.

ஒரு குற்றத்தைச் செய்யவில்லை என்று சாதிக்கிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். தயவுசெய்து செய்தேன் என்று சொல்லுங்கள் என்று கெஞ்ச வேண்டிய நிலைமை இதுதான் முதல் தடவை. கெஞ்சினாள். கெஞ்சும்போதே குரல் உடைந்துவிட்டது. "அடுத்த வாரம் சார் வர்றார் அண்ணி. கூடவே சூளைக்காரரும் வர்றார். நடுவுல ஒரு பட்டை மட்டும் பச்சையா இருக்கு. ஏன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். தெரியலேன்னா நிலம் போயிடும். உங்க ஆடு போயிடும். நான்தான் வேலி கட்டி அதைக் கெடுத்தேன்னு காலத்துக்கும் எனக்கு இருக்கும்."

அண்ணி பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாம் மாப்பிள்ளையால வந்தது" என்றாள். "கம்பத்தை முட்டிச் சாச்சுட்டு உள்ள போயிட்டான். அவன் போனா மந்தை நிக்குமா? நான் பின்னாடியே ஓடி, கத்தி, வெரட்டி, ஒரு சுத்து சுத்தித்தான் வெளிய கொண்டுவந்தேன். உனக்குத் தெரியக் கூடாதேன்னு கம்பத்தை நட்டுக் கட்டினேன். போதுமா?"

"மழைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதான். தரை காஞ்சு கிடந்துச்சு. கால் வெச்சா மொறு மொறுன்னு நொறுங்குது."

சல்லடை அண்ணியைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். ஈர மண் தின்று தின்று நாத்தனாருக்குக் கழன்றுவிட்டது என்று அண்ணி நிஜமாகவே பயந்தாள்.

"காஞ்ச பொருக்கைக் குளம்பு உடைச்சிருக்கு அண்ணி! விதை இடுக்குல விழுந்திருக்கு, மழைத் தண்ணி உள்ள இறங்கியிருக்கு. ஆட்டை உள்ள விடாதேன்னு சொன்னேன் பாருங்க, அதுதான் தப்பு. என் தப்பு!"

"அதை இன்னொரு தரம் சொல்லு" என்றாள் அண்ணி. "இவரும் கேக்கட்டும்."

அண்ணன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அவன் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

சார் வரும் நாளும் வந்தது. ஆகட்டும் சார் குடையோடு இறங்கினார். சூளைக்காரர் ஒரு துணிப்பையில் செங்கல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார், அந்த மண்ணில் சுட்டால் எப்படி வரும் என்று காட்டுவதற்கு. அண்ணனும் அண்ணியும் மரியாதையான தூரத்தில் நின்றார்கள். வேலிக்கு வெளியே மாப்பிள்ளை, தன்னை யாரும் வரவேற்கவில்லையே என்கிற முறுக்கில் நின்றது.

சல்லடை மறைக்காமல் சொன்னாள். தன் யோசனை பலிக்கவில்லை, ஆடு புகுந்த இடத்தில்தான் புல் வந்திருக்கிறது, காய்ந்திருக்கும்போது மந்தையை ஒருமுறை நடத்தி, பிறகு வேலியை அடைத்தால் நிலம் முழுவதும் பச்சையாகும். தகர வளையத்தில் தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். தூரத்து மூலையைச் சார் கேட்டபோது, "அது காத்து கொண்டுவந்த மணல் சார், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை" என்று கையை வீசினாள்.

ஆகட்டும் சார் குனிந்தார். புல்லை விலக்கினார். இரண்டு விரலால் ஒரு புழுக்கையை எடுத்தார்.

"ஏம்மா, எரு போட்ட இடத்துல புல் முளைக்கும். இதுல பொருக்கு எங்க வந்தது? எரு அடிச்சா எங்கேயும் முளைக்குமே."

"அதைத்தான் நானும் நினைச்சேன் சார்" என்றார் சூளைக்காரர். "எரு அடிச்சு எவ்வளவு நிலத்துக்குக் கட்டுப்படியாகும்?"

சல்லடை அவர் விரலில் இருந்த புழுக்கையைப் பார்த்தாள். நியாயமான கேள்வி. வேறு யாராவது இந்தப் பட்டையைக் காட்டியிருந்தால் முதல் ஆளாக அவளே கேட்டிருப்பாள். எருவா, உடைந்த பொருக்கா? இரண்டும் ஒரே இடத்தில் கலந்து கிடந்தன. பிரிக்க அவளிடம் சல்லடை இல்லை. எரு விழுந்தும் பொருக்கு உடையாத இடம் ஒன்று வேண்டும். அப்படி ஒரு இடம் இல்லை. மழைக்காலமும் முடிந்துவிட்டது. காலுக்குக் கீழே நிலம் போய்க்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. ஆகட்டும் சார் செங்கல்லைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் தொண்டையைக் கனைத்தான்.

"சார், அந்த மூலையில இருக்கிறது காத்து கொண்டுவந்த மணல் இல்லை."

"பின்னே?" என்றார் சார்.

"நான் கொண்டுவந்தது."

அண்ணி மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் பேசுவது லேசான காரியம் இல்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மழை விட்ட மறுநாள். ஓரத்துல புல்லு இல்லை, ஆடெல்லாம் பசியில கத்துது. அந்த மூலையில ஏதோ முளை விட்ட மாதிரி இருந்துச்சு. இவ சந்தைக்குப் போயிருந்தா. வலையைத் தூக்கி விட்டேன். கொஞ்ச நேரம்தான். வெளிய வந்து பாத்தா சேத்துல எல்லாம் குளம்பு. தங்கச்சி வந்தா கண்டுபிடிச்சுடுவாளேன்னு ஆத்து மணலை அள்ளிட்டு வந்து தூவினேன்."

"அன்னைக்கு ராத்திரி முதுகு வலின்னு தைலம் தேய்க்கச் சொன்னீங்களே" என்றாள் அண்ணி, மிக அமைதியாக.

"அது மணல் சுமந்த வலிதான்" என்று ஒப்புக்கொண்டான்.

சல்லடைக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. அடுத்த கணம் எல்லாம் புரிந்துவிட்டது. தகர வளையத்தைத் தூக்கிக்கொண்டு அந்த மூலைக்கு ஓடினாள். எல்லோரும் பின்னால் ஓடினார்கள், ஆகட்டும் சார் குடையோடு. மண்டியிட்டு இரண்டு கையாலும் மணலை வழித்துத் தள்ளினாள். அடியில் குளம்புத் தடங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தன. தடத்துக்குத் தடம் புழுக்கை. அந்தப் பச்சைப் பட்டையில் இருந்ததைவிட அதிகம். ஒரு புல் இல்லை.

வளையத்தை அடித்து இறக்கி, தண்ணீர் ஊற்றினாள். ஐந்து பேரும் குனிந்து பார்த்தார்கள். தண்ணீர் இறங்கவே இல்லை. ஐந்து முகமும் அதில் தெரிந்தன.

"ஈரத்துல மிதிச்சா மாவு பிசைஞ்ச மாதிரி இறுகிடும் சார்" என்றாள் சல்லடை. மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. எதை முதலில் துடைப்பது என்று தெரியவில்லை. "இங்க எரு இருக்கு, புல்லு இல்லை. மத்த இடத்துல ரெண்டும் இல்லை. அங்க காய்ஞ்சப்போ மிதிச்ச இடத்துல மட்டும்தான் புல்லு. எரு இல்லை சார். பொருக்குதான். ஆடு எப்ப மிதிச்சுதுங்கிறதுதான் விஷயம்."

சூளைக்காரர் குத்துக்காலிட்டு அந்தத் தடத்தைத் தட்டிப் பார்த்தார். மண் அவருக்கும் தெரிந்த விஷயம்தான். "சுடாமலே செங்கல் ஆயிடுச்சே" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். அப்புறம், சாரின் கையிலிருந்த தன் செங்கல்லைப் பணிவாகத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆகட்டும் சார் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து பச்சைப் பட்டையைப் பார்த்தார். பிறகு வேலிக்கு வெளியே நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"ஆகட்டும்" என்றார்.

எல்லோரும் காத்திருந்தார்கள். 'பார்க்கலாம்' வரவில்லை. சார் குடையை மடக்கினார். "அடுத்த மழைக்கு முன்னாடி மந்தையை நடத்துங்க. நிலம் முழுக்க. நான் மேலிடத்துக்குச் சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்பை நோக்கி வேகமாக நடந்தார், மனசு மாறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதுபோல.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டில் அண்ணி யாரோடும் பேசவில்லை, அதாவது அண்ணனோடு. சல்லடைக்கு மட்டும் இரண்டாவது தரமும் தேநீர் ஊற்றினாள்.

"நான் அன்னைக்கு வலையைத் தூக்கலேன்னா உன் ஆராய்ச்சி என்ன ஆகியிருக்கும்?" என்று அண்ணன் மெதுவாகத் தங்கையிடம் கேட்டான். "யோசிச்சுப் பாரு."

சல்லடை யோசித்துப் பார்த்தாள். எப்படிச் சலித்தாலும் பதில் அவனுக்குச் சாதகமாகவே வந்தது. அதை அண்ணி முன்னால் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. அண்ணனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். அவன் "ஐயோ" என்றான், வலி இன்னும் போகவில்லை.

அடுத்த மழைக்கு முன்னால் மந்தை நடந்தது. மாப்பிள்ளைக்கு வேலிக் கதவை முழுசாகத் திறந்துவிட்டார்கள். அது எதிர்பார்த்த மரியாதை ஒருவழியாகக் கிடைத்துவிட்டதில், தலையை நிமிர்த்தி, பொருக்கு மொறு மொறுவென்று நொறுங்க முன்னால் போனது. மழைக்குப் பிறகு அந்த வளைவைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் அதிகாரிகள் வந்தார்கள். எல்லாப் பக்கமும் பச்சை. அந்த ஒரு மூலையை மட்டும், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று சல்லடை அப்படியே விட்டுவைத்திருந்தாள்.

வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிற பொறுப்பை அண்ணி யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டாள்.

"இந்தப் பச்சையெல்லாம் பாருங்க, இது நானும் மாப்பிள்ளையும் பண்ணினது" என்பாள். பிறகு அந்த மொட்டை மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய், பின்னால் நிற்கிற அண்ணனுக்கும் நன்றாகக் கேட்கிற மாதிரி, "இது எங்க வீட்டுக்காரர் கைங்கரியம். இது இல்லேன்னா இந்த நிலமே நமக்கு இல்லை" என்பாள்.